மீன் டேங்கும் துவைக்காத சட்டையும்

மே 6

இந்த டைரி என் வீட்டுக்காரரோடது. ஐஸ் கம்பெனிக்காரங்க போன வருஷம் 'வைரக்கண்ணு'ன்னு பேரு போட்டுக் கொடுத்தது. கடலுக்குப் போறவனுக்கு எல்லா நாளும் ஒரே நாளுதான், இதுல எழுத என்ன இருக்குன்னு பரண்மேல தூக்கிப் போட்டாரு. ஒரு பக்கம்கூட எழுதலை. கிழமையெல்லாம் தப்பா இருக்கும். தேதிய மட்டும் பாத்து நான் எழுதுறேன்.

ஆபீசுக்கு எழுதுற நோட்டு வேற. டேங்கைப் பாத்துக்குற ஃபர்ஹானா மேடம் கொடுத்தது. எத்தனை கிலோ போட்டேன், டேங்கு சூடு எவ்வளவு, புளிப்புப் பாக்குற காகிதம் என்ன நிறம் காட்டுச்சு, பலூன் எவ்வளவு உப்பிச்சு, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. கடைசிக் கட்டம் 'குறிப்பு'. "ஏதாவது வித்தியாசமாப் பட்டா எழுதுங்கக்கா"ன்னாங்க. அது விரல் அகலம்கூட இல்லை.

இன்னிக்கு: மீன் கழிவு 40 கிலோ, சாணி 40, தண்ணி ரெண்டு பீப்பா. காகிதம் 7.2. பலூன் முக்கால்.

மே 7

நேத்து மாதிரியே.

மே 8

என் வேலை என்னன்னு இந்த டைரிக்குச் சொல்லிடுறேன். மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னாடி கறுப்பு டேங்கு ஒண்ணு பாதி மண்ணுல புதைஞ்சு கிடக்கு. மீன் ஆயிற பொம்பளைங்க ஒதுக்குற தலை, குடல், செவுள் எல்லாத்தையும் கூடையில வாரிக்கிட்டு வந்து மிஷின்ல அரைப்பேன். மிஷின் டீசல்ல ஓடுறது, சனியன், கயித்தைச் சுண்டிச் சுண்டித் தோளே எறங்கிப் போவும். அரைச்சதுல சாணியும் தண்ணியும் கலந்து டேங்குல ஊத்தணும். உள்ள காத்தே போகாது. காத்தில்லாத எடத்துல வாழுற புழுவை விடச் சின்ன உசுருங்க அதைத் தின்னு வாயு விடும். அது பலூன்ல சேரும். பலூன்லேருந்து குழாய் வழியா குணசுந்தரி டீக்கடை அடுப்புக்குப் போவும். குணாவோட இட்லியும் டீயும் நம்ம மீன் குடல்லதான் வேகுது.

முன்னாடியெல்லாம் அந்தக் குடலு கரையிலயே கிடந்து நாறும். இந்த வேலைக்கு நாலு பேரு வந்து நாலு பேரும் ஓடிட்டாங்க, நாத்தம் தாங்க முடியலைன்னு. மூக்குல துணி கட்டாம நின்னு வேலை பாத்தவ நான் ஒருத்திதான். "தையல்நாயகி அக்காவுக்கு இரும்பு மூக்கு"ன்னு ஊரே சொல்லுது.

இரும்பும் இல்லை ஒண்ணும் இல்லை. எனக்கு வாசமே தெரியாது. மூணு மாசமா. ஜுரத்துல போச்சு. டாக்டரைத் தவிர யாருகிட்டயும் சொல்லலை.

ஏன் சொல்லலைன்னா, இந்த வேலையே மூக்கு வேலை. காலையில வால்வைத் திறக்கறதுக்கு முன்னாடி குழாய் சேர்ற எடத்துல எல்லாம் மோந்து பாக்கணும்னு மேடம் சட்டம் போட்டிருக்காங்க. அழுகுன முட்டை நாத்தம் வந்தா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம், திறக்கக் கூடாது. மோந்து பாக்க முடியாதவளை வெச்சுக்க மாட்டாங்க. அனுப்பிட்டா வீட்டுல போய் உக்காரணும். என்னால அந்த வீட்டுல பகல்ல உக்கார முடியலை.

மே 9

அவரு போயி மூணு மாசம் முடிஞ்சுது. தனபாக்கியம் சித்தி வந்து, "அழுதுடு தையலு, அழாம இருந்தா உடம்புக்கு ஆவாது"ன்னாங்க. சரின்னேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

கழிவு 35.

மே 12

கசிவு கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கு. சோப்புத் தண்ணியை நுரைய அடிச்சு பிரஷ்ஷால மூட்டுல எல்லாம் தடவுவேன். கசிஞ்சா குமிழி கிளம்பும். சைக்கிள் டியூப் பஞ்சர் பாக்குற மாதிரிதான். மூக்கை விட இது பொய் சொல்லாது. யாரும் வர்றதுக்கு முன்னாடி ஆறு மணிக்கெல்லாம் தடவி முடிச்சு, தொடைச்சு, அப்புறம் எல்லாரும் பாக்குற மாதிரி ஒவ்வொரு மூட்டுலயும் குனிஞ்சு மூக்கை வெப்பேன். நல்லாத்தான் நடிக்கிறேன்.

மே 16

கடைசியா கடலுக்குப் போற அன்னிக்குக் கொடியில ஒரு சட்டைய அவுத்துப் போட்டுட்டுப் போனாரு. நீலக் கட்டம் போட்டது. துவைக்கலை. மடிச்சுத் தகரப் பெட்டியில வெச்சிருக்கேன். டாக்டரு மூக்கு தானா திரும்பும், நாளாகும்னு சொல்லியிருக்காரு. திரும்பினா மொதல்ல அதைத்தான் மோந்து பாக்கணும். தினம் சாயங்காலம் பெட்டியத் திறந்து முகத்தை உள்ள வெச்சுப் பாக்குறேன். வெச்சுட்டு மூடிடுறேன்.

மே 18

பெட்டியில கரப்பான். ஆத்தாடி, ஒண்ணில்லை, நாலு. சட்டைய அரிச்சுட்டா என்ன பண்றது. ஓடிப்போய்ப் பாச்சா உருண்டை ஒரு பாக்கெட்டு வாங்கியாந்து மொத்தத்தையும் உள்ள போட்டேன். காலர்ல ரெண்டு, பையில ரெண்டு, மடிப்புல மீதி. இனிமே பூச்சி அண்டாது.

கழிவு 30. தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகலை, ஃபைபர் படகு மீன் மட்டும்தான்.

மே 24

மேடம் வந்தாங்க. நாகூருப் பொண்ணு, இருபத்தாறு வயசுதான் இருக்கும், ஆனா டேங்கைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. "அக்கா, மீனு சத்து ஜாஸ்தி. பசிச்ச வயித்துல திடீர்னு விருந்து வெச்சா என்ன ஆகும்? அதே கதைதான் இதுக்கும். தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் வரும்போது கழிவு குவியும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். ஒரேயடியாக் கொட்டினா உள்ள புளிச்சுப் போயிரும், அந்த உசுருங்க செத்துரும்."

கொஞ்சம் கொஞ்சமா. எழுதி வெச்சுக்கிட்டேன். ஒரு நாளைக்குப் பத்து கிலோவுக்கு மேல கூட்டக் கூடாது.

எனக்கு ஒரு நீலக் கோட்டு கொடுத்தாங்க, புடவை மேல போட்டுக்க. ஜிப்பு நிக்க மாட்டேங்குது.

மே 25

பெட்டி. இல்லை.

மே 30

குணா கடையில டீ குடிச்சேன். வெந்நிதான் எனக்கு, கொஞ்சம் இனிச்சுது. குணா வாயி மூடாது. என்னை விட ஆறு வயசு சின்னவ. புருஷன் சிங்கப்பூருல. "எக்கா, இந்த அடுப்பை நான் கண்ணை மூடிக்கிட்டுப் பத்த வைப்பேன் தெரியுமா? ஏன் சொல்லு. உன் மூக்கு இருக்கு. நீ ஒண்ணும் சொல்லலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்."

நான் சிரிச்சு வெச்சேன்.

அந்தப் பக்கம் தம்பையா வலை பின்னிக்கிட்டு இருந்தான். அவரு வேலை பாத்த படகோட டிரைவர். என்னைப் பாத்ததும் பீடியை மணல்ல குத்திட்டு எழுந்து போயிட்டான். பிப்ரவரிலேருந்து இப்படித்தான், என் முகத்தைப் பாக்குறதில்லை. பீடியை அவன் எனக்காக அணைச்சானா, பழக்கத்துலயா தெரியலை. அவருக்குப் பீடின்னாலே ஆகாது. படகுல யாராவது பத்த வெச்சா முன்பக்கம் அணியத்துக்குப் போய் உக்காந்துக்குவாரு.

ஜூன் 8

கழிவு 25. காகிதம் 7.3. வெயில்.

ஜூன் 14

நாளைக்குப் படகுங்க கிளம்புது. எல்லாப் படகுக்கும் பெயின்டு, மாலை, பூசணிக்காய். சாம்பிராணி போட்டாங்க, கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுச்சு. பக்கத்துல நின்ன பொம்பளைங்க நான் அழுறேன்னு நெனச்சு முதுகைத் தடவிக் கொடுத்தாங்க. சும்மா விட்டுட்டேன், பாவம் அவங்களுக்கு நிம்மதியா இருக்கட்டும்.

ஜூன் 15

போயிடுச்சுங்க. துறைமுகம் வெறிச்சுன்னு கிடக்கு.

ஜூன் 20

மொதப் படகு காலையில அஞ்சே முக்காலுக்கு வந்துச்சு. பச்சைப் படகு. தம்பையா படகுதான். நெறய மீனு, அதான் சீக்கிரம் திரும்பிட்டாங்க.

நான் கூடையோட நின்னேன். ஐஸ் அறை மூடியைத் தூக்கினாங்க. புகை மாதிரி வெளிய வந்துச்சு. உள்ள ஒருத்தன் இறங்கி ஐஸை மண்வெட்டியால சுரண்டினான். அந்தச் சத்தம். நான் அந்தாண்ட திரும்பிக்கிட்டேன், வெயில் கண்ணுல அடிச்சுது.

தம்பையா வந்து பக்கத்துல நின்னான். நாலு மாசத்துல மொதத் தடவை. "அக்கா, கழிவு மீனு நெறயக் கிடக்கு. மீன்தூள் மில்லுக்காரன் நாளைக்குத்தான் வருவான். உன் டேங்குக்கு வேணுமா?"

"கொண்டா"ன்னேன்.

"எவ்ளோ கொண்டார?"

"இருக்கறது எல்லாம்."

பதினோரு பெட்டி. முந்நூறு கிலோவுக்கு மேல இருக்கும். எல்லாத்தையும் அரைச்சேன். மத்தியானம் சாப்பிடலை. மிஷின் சூடாகி நின்னுச்சு, தண்ணி ஊத்திட்டு மறுபடியும் கயித்தைச் சுண்டினேன். பத்து கிலோன்னு எழுதி வெச்சிருந்தேனே, அது தெரியாம இல்லை. அந்த அறையிலேருந்து எடுத்தது ஒண்ணுகூட வெளிய கிடக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. மூணரை மணிக்குத் தரை காலியாச்சு. அப்புறம்தான் கைய கழுவினேன்.

ஆபீஸ் நோட்டுல 40 கிலோன்னு எழுதிட்டேன்.

ஜூன் 21

பலூன் கல்லு மாதிரி இருக்கு. இவ்வளவு வாயு எப்பவும் வந்ததில்லை. குணாவுக்கு ஒரே சந்தோஷம், ரெண்டு அடுப்பும் எரியுதாம்.

காலையில எழுந்திரிக்க லேட்டாச்சு. சோப்பு தடவலை. சும்மா குனிஞ்சு குனிஞ்சு மோந்து காட்டிட்டு வால்வைத் திறந்தேன்.

ஜூன் 22

குணாவுக்குத் தீக்காயம்.

ஏழு மணி. இன்னிக்கும் நான் சோப்பு தடவலை. வால்வைத் திறந்துட்டு இந்தப் பக்கம் கூடை கழுவிக்கிட்டு இருந்தேன். பப்புனு ஒரு சத்தம், பெருசாக்கூட இல்லை, ஈரத்துணிய உதர்ற மாதிரி. அப்புறம் குணா கத்தினா. ஓடினேன். புடவைத் தலைப்புல தீ. கோட்டைக் கழட்டி அவ மேல போட்டு அமுக்கினேன். கோட்டு உருகி ஒட்டிக்கிச்சு. யாரோ போய் வால்வை மூடினாங்க.

வலது கை முழங்கை வரைக்கும். புருவம் ரெண்டும் போச்சு. ஆட்டோவுல தூக்கிக்கிட்டுப் போறப்ப, "இட்லி அடுப்புல இருக்குடி"ன்னா. மொதத் தடவையா என்னை 'டி' போட்டுப் பேசினா.

ஜூன் 23

ஆஸ்பத்திரியில குணா கையை வாழைத்தண்டு கணக்கா வெள்ளையாச் சுத்தி வெச்சிருக்காங்க. புருவம் இல்லாம அவ முகம் யாரோ மாதிரி இருக்கு. என்னைப் பாத்ததும் சொன்னா, "நேத்துக் காலையிலயே ஒரு மாதிரி முட்டை நாத்தம் அடிச்சுதுக்கா. முந்தா நாளும் அடிச்சுது. ஆனா நீ ஒண்ணும் சொல்லலையே. உனக்குத் தெரியாத நாத்தமா, இது மீன் நாத்தமா இருக்கும்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

நான் அவ காலைப் பிடிச்சுவிட்டேன்.

"நீ ஏன்க்கா இப்படி வெறிச்சுப் பாக்குற? எனக்கொண்ணும் ஆவலை. புருவம் மொளைச்சுரும்."

அவ வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லலையாம்.

ஜூன் 24

மேடம் வந்தாங்க. அடுப்புக்குப் போற குழாய், கிளிப்பை விட்டு நழுவியிருக்கு, வாயு அழுத்தம் தாங்காம. டேங்குல காகிதத்தை நனைச்சுப் பாத்தாங்க. 6.1, ஏழுக்குக் கீழ போனா புளிச்சுருச்சுன்னு அர்த்தம். டேங்கு வாயில பழுப்பு நுரை பொங்கி வழிஞ்சு கிடந்துச்சு. "எவ்ளோ போட்டீங்க?"ன்னாங்க. நாப்பதுன்னு நோட்டைக் காட்டினேன். நோட்டைப் பாத்தாங்க, நுரையப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க.

அப்புறம் அவங்களே சொன்னாங்க. "அக்கா, இதுல ஒரு வாயு இருக்கு. கொஞ்சமா இருந்தா முட்டை நாத்தம் அடிக்கும். ஜாஸ்தியா இருந்தா மூக்கே மரத்துப் போயிரும், ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்கணும். அதனால உங்க தப்புன்னு நெனச்சுக்காதீங்க. நானும் ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடுறேன்."

தலையாட்டினேன். ஆமாம் மேடம், மரத்துத்தான் போச்சுன்னேன்.

ஜூன் 25

டேங்குக்கு ஒண்ணும் போடக் கூடாதாம். பத்து நாள் பட்டினி.

ஜூன் 27

சுண்ணாம்புத் தண்ணி கரைச்சு ஊத்தினேன். காகிதம் 6.2. பலூன் காலியாத் தரையில கிடக்கு, துணி மாதிரி. டேங்கு மேல காதை வெச்சுப் பாத்தேன். எப்பவும் குமிழி வர்ற சத்தம் கேக்கும். இன்னிக்கு இல்லை.

வேலை இல்லை. உக்காந்து இருக்கேன். எழுதிடுறேன்.

ஜுரம் கிரம் ஒண்ணும் வரலை எனக்கு.

பிப்ரவரியில அவரு போயிருந்த படகு, பதினோராம் நாள் வர வேண்டியது, ஆறாம் நாளே வந்துச்சு. நாலாம் நாள் வலை இழுக்குறப்ப நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாராம். தண்ணி கேட்டாராம். தம்பையா தண்ணி கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கரைக்கு வர ரெண்டு நாளு ஆவும். வெயிலு. வேற என்ன பண்ணுவாங்க? பாய்ல சுத்தி, ஐஸ் அறையில மீனுக்கு மேல வெச்சுக் கொண்டாந்தாங்க. மரியாதையாத்தான் கொண்டாந்தாங்க. தம்பையா தன் வேட்டியைக் கிழிச்சுக் கட்டியிருந்தான். நான் யாரையும் குறை சொல்லலை.

அறை மூடியத் திறந்து, ஐஸைச் சுரண்டி, தூக்கினாங்க. கரையில வெச்சதும் நான் குனிஞ்சு அவரு கன்னத்துல முகத்தை வெச்சேன். இருபத்தி மூணு வருஷமா அந்த மனுஷன் கரைக்கு வந்தா மீன் நாத்தம், டீசல் நாத்தம், வேர்வை நாத்தம் எல்லாம் சேந்து வாசல்லயே தெரியும். "மொதல்ல குளிச்சுட்டு உள்ள வா"ன்னு வெரட்டுவேன். அன்னிக்கு ஒண்ணுமே இல்லை. சில்லுனு இருந்தாரு, அவ்வளவுதான். பாவி ஐசு எல்லாத்தையும் எடுத்துருச்சேன்னு நெனச்சேன். வீட்டுல மாலை போட்டாங்க, ஊதுபத்தி கட்டுக்கட்டா கொளுத்தினாங்க, அதுவும் தெரியலை. அப்பத்தான் புரிஞ்சுது, ஐசு இல்லை, நான்தான்னு.

அந்த மீனை ஏலம் விட்டாங்களா, கடல்லயே கொட்டிட்டாங்களா, நான் இன்னி வரைக்கும் யாரையும் கேக்கலை.

ஜூன் 28

பெட்டி. இல்லை.

ஜூன் 29

குணாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. போய்க் கஞ்சி ஊட்டினேன். வலது கை ஆகாது அவளுக்கு. நாலு வாய் வாங்கிட்டு, "வாயு மூக்கை மரக்கடிச்சுருச்சாமே, மேடம் சொல்லிச்சு. உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னக்கா பண்றது. நீயும் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயேன்"னா.

அப்படிக் கேட்டிருக்க வேணாம் அவ.

சொல்லிட்டேன். பிப்ரவரிலேருந்து வாசம் தெரியாதுன்னு. சோப்பு தடவுறது, நடிக்கிறது. அந்த ரெண்டு நாள் சோப்பும் தடவலை, முந்நூறு கிலோ கொட்டினேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

குணா வாயில இருந்த கஞ்சிய முழுங்கலை. அப்புறம் முழுங்கிட்டுச் சொன்னா, "அடிப்பாவி. உன் மூக்கை நம்பி நான் கண்ணை மூடிக்கிட்டுல்ல அடுப்பைப் பத்த வெச்சேன். தெனம்! என் பக்கத்துல நின்னு டீ குடிச்சியே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வாயைத் திறந்து சொல்லியிருந்தா நானே மோந்து பாத்துருப்பேனேக்கா. எனக்கு மூக்கு இல்லையா? எனக்கென்ன வேற வேலை?"

"வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு..."

"போ. எந்திரிச்சுப் போ. மொதல்ல என் கண்ணு முன்னாடி நிக்காத."

கிண்ணத்தைக் கழுவி வெச்சுட்டு வந்தேன்.

ஜூலை 1

மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். "நேர்ல வர்றேன்க்கா"ன்னு வெச்சுட்டாங்க.

வீட்டைப் பெருக்கினேன். ரெண்டு தடவை பெருக்கினேன்.

ஜூலை 3

மேடம் வந்தாங்க. கோவம்தான். ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதினாங்க, எங்கிட்டயே கையெழுத்து வாங்கினாங்க. "சோப்பு நுரை யோசனை நல்ல யோசனைக்கா. அதை எங்கிட்ட மொதல் நாளே சொல்லியிருந்தா நானே சட்டமாப் போட்டிருப்பேன். மறைச்சதுதான் தப்பு"ன்னாங்க. நான் சரின்னேன். இனிமே காலையில சோப்பும் தடவணும், மூக்கு உள்ள இன்னொரு ஆளும் மோந்து பாக்கணும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ரெண்டாவது ஆளு யாருன்னு எழுத எடம் விட்டிருக்காங்க.

டேங்கு தேறினா வேலையில வெச்சுக்குறாங்களாம். தேறலைன்னா மொத்தத்தையும் பிரிச்சுட்டுப் போயிடுவாங்க.

காகிதம் 6.5.

ஜூலை 5

பால்பண்ணையில சூடு ஆறாத சாணி ரெண்டு கூடை வாங்கி ஊத்தினேன். மீனு அஞ்சு கிலோ. அஞ்சே அஞ்சு.

தம்பையா வந்தான். "எம்மேலதான் தப்பு, நான்தான் பதினோரு பெட்டி கொண்டாந்தேன்"னான். "கொண்டான்னது நான்டா"ன்னேன். நின்னுக்கிட்டே இருந்தான். அப்புறம், நான் கேக்காமலே, "அன்னிக்கு அந்த மீனைக் கரைக்குக் கொண்டாரலைக்கா. மொகத்துவாரத்துலயே கொட்டிட்டோம். ஓனரு திட்டினாரு, திட்டிக்கட்டும்னு விட்டுட்டோம்"னான்.

சரி தம்பின்னேன்.

ஜூலை 7

6.9. காதை வெச்சேன். ஒண்ணு ரெண்டு குமிழி. யாரோ தூக்கத்துல முனகுற மாதிரி.

ஜூலை 9

பலூன் கால்வாசி தூக்கிச்சு. மூட்டுல எல்லாம் மூணு தடவை சோப்பு தடவினேன். சோதனைக் குழாயில மேடம் பத்த வெச்சுப் பாத்தாங்க. மொதல்ல மஞ்சளாத் துப்பிச்சு, அப்புறம் நீலமா நின்னுச்சு. மேடம் கை தட்டினாங்க. நான் கூடையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

கோட்டு எரிஞ்சு போனதால புடவையெல்லாம் கறை.

ஜூலை 11

காலையில ஆறு மணிக்குக் குணா வந்து நின்னா. கைக்கட்டு சின்னதா இருக்கு. புருவம் எறும்பு வரிசையா மொளைச்சிருக்கு. எங்கிட்ட ஒண்ணும் பேசலை. நான் சோப்பு தடவினேன். அவ பின்னாடியே வந்து ஒவ்வொரு மூட்டுலயும் மோந்து பாத்தா. "இல்லை. இல்லை. இங்கயும் இல்லை"ன்னா. நோட்டுல இடது கையால கோணல்மாணலாக் கையெழுத்துப் போட்டா.

"குணா"ன்னேன்.

"என்னா?"

"நீ எனக்கு இன்னொண்ணு மோந்து பாத்துச் சொல்லணும்."

வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். பெட்டிய எடுத்து அவ முன்னாடி வெச்சேன். யாரு சட்டை, எதுக்கு வெச்சிருக்கேன்னு சொன்னேன். என் மூக்கு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலை, நீ பாத்து என்ன வாசம்னு ஒண்ணு ஒண்ணாச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்னேன்.

குணா மூடியத் திறந்தா. தலை கொஞ்சம் பின்னால போச்சு. உள்ள பாத்தா. வெள்ளை உருண்டைங்களைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"பூச்சி அரிக்காம இருக்கப் போட்டேன்"ன்னேன்.

"ம்"ன்னா. சட்டைய ஒத்தைக் கையால தூக்கி முகத்துல வெச்சுக்கிட்டா. ரொம்ப நேரம் எடுக்கலை. எடுத்தப்ப கண்ணெல்லாம் தண்ணி. "இருக்குக்கா"ன்னா. "அப்படியே இருக்கு. வேர்வை வாசம். கொஞ்சம் டீசலு. காலர்ல பீடி வாசம்."

நல்லதுன்னேன். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடிச்சுட்டுப் போனா.

ஜூலை 12

பீடி வாசமாம். பீடின்னாலே ஆகாத மனுஷன் காலர்ல.

உருண்டைய எல்லாம் பொறுக்கி வெளிய போட்டேன். பதினாறு இருந்துச்சு. நானே எண்ணி எண்ணிப் போட்டேன். காலர்ல, பையில, மடிப்புல. ஒரு எடம் விடாம.

அழுதேன். ஒரு மணி நேரம் இருக்கும். அடுப்படியில உக்காந்து சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டுல கேட்டிருக்கும், கேக்கட்டும். அப்புறம் எழுந்து சட்டைய ஊறப் போட்டேன். சோப்புப் போட்டுக் கல்லுல அடிச்சுத் துவைச்சேன். கொடியில அவரு போட்டுட்டுப் போன அதே எடத்துல காயப் போட்டேன்.

ஜூலை 13

கோட்டு இல்லை. சட்டைய எடுத்துப் புடவை மேல மாட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன். கை நீளம். மடிச்சு விட்டுக்கிட்டேன்.

கழிவு 15. காகிதம் 7.1.

ஜூலை 22

பத்து நாளா அதே சட்டைதான். தெனம் துவைக்கவா முடியும், மூணு நாளைக்கு ஒரு தடவை அலசிப் போடுறேன். மிஷின்ல டீசல் ஊத்துறப்ப தெறிச்சுக் கறையாயிருச்சு. போறதில்லை.

கழிவு 40. காகிதம் 7.2. பலூன் முக்கால்.

குணா கடையை மறுபடியும் திறந்தா. கையெழுத்தெல்லாம் முடிச்சுட்டு டீ குடிக்கப் போனேன். அடுப்புப் பக்கத்துல போய் நின்னேன், எப்பவும் போல. குணா இட்லித் தட்டை எடுத்துக்கிட்டே திரும்பினவ, மூக்கைப் பொத்திக்கிட்டா.

"சீ! தள்ளி நில்லுக்கா. என்னா நாத்தம் இது. வைரக்கண்ணு அண்ணன் கரை எறங்கின உடனே குளிக்காம கொள்ளாம இங்க டீ குடிக்க வந்து நிப்பாரே, அதே நாத்தம்!"

சொன்னதும் கையால வாயைப் பொத்திக்கிட்டா. "தப்பா நெனச்சுக்காதக்கா"ன்னா.

நான் சட்டைக் கையைத் தூக்கி மூக்குல வெச்சுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலை. ஆனா குணா இந்தத் தடவை பொய் சொல்லலை. மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. தள்ளி நிக்காம அங்கயே நின்னு டீயைக் குடிச்சு முடிச்சேன்.